காற்று வருமுன்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் நம் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா மேடையில் ஏறிச் சாமியார் புயலைப் பற்றிப் பேசுகிறாரே என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். ஐம்பது ஆண்டுகளாக நம் கோவில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வீட்டுப் பெண்கள் நாளுக்குப் பத்துமுறை வானத்தைப் பார்க்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டுப் பேச்சுத்தான்.

புயல் எப்படிப் பிறக்கிறது? அடுப்பில் உலை கொதிக்கும்போது ஆவி மூடியைத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கடலிலும் அப்படித்தான். மேற்பரப்பு நீர் ஏறக்குறைய 26.5 டிகிரிக்கு மேல் சூடேறினால் மிகுதியாக ஆவி எழுகிறது. அந்த ஆவி உயரே சென்று குளிர்ந்து மேகமாகும்போது, கடலிடம் வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. கீழே காற்றழுத்தம் குறைகிறது. அங்கே நாலாபுறமிருந்தும் காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வர முடியாமல் வளைந்து, நம் பக்கத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றத் தொடங்குகிறது. வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் நம் வானிலைத் துறையினர் அதைப் புயல் என்கிறார்கள். 221-ஐத் தாண்டினால் அது சூப்பர் புயல். கரையேறியபின் கடலின் சூடு கிடைப்பதில்லை. ஆகவே அடுப்பணைந்த உலைபோல அடங்கிவிடுகிறது.

அமெரிக்கர் ஹரிக்கேன் என்பதும், ஜப்பானியர் டைபூன் என்பதும் இதே புயலின் கடுமையான நிலையைத்தான். டோர்னாடோ என்பது வேறு. அது இடிமேகத்திலிருந்து கீழே இறங்கும் சுழல்காற்று. அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். ஆயுளும் சில நிமிடங்கள்தான். ஆனால் வங்க தேசத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று இறங்கிய ஒன்று ஏறத்தாழ 1,300 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

இரண்டு செய்திகளை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, புயலின் நடுவே கண் என்று ஓர் அமைதியான வட்டம் உண்டு. அது நம் ஊர்மேல் வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும். முடிந்தது என்று எண்ணி வெளியே போகாதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் அடிக்கும். மற்றொன்று, பெரும் புயல்களில் காற்றைவிட நீரே மிகுதியானவரைக் கொன்றிருக்கிறது. காற்று கடலைத் தள்ளிக்கொண்டு வந்து கரைமேல் ஏற்றிவிடுகிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்தது அத்தகைய நீர்தான். பாம்பனிலிருந்து சென்ற ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் அலைக்குள் போயினர். கூரையிழந்த கோவில் சுவர் இன்றும் அந்த மணலில் நிற்கிறது.

காற்றை நிறுத்த நம்மால் ஆகாது. சாவைக் குறைக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர்களுள் ஒரு குருவானவரும் உண்டு. கியூபாவின் ஹவானா நகரில், சேசு சபையினர் நடத்திய பெலன் கல்லூரி வானிலை ஆய்வுக்கூடத்துக்கு 1870-இல் பொறுப்பேற்றவர் பெனித்தோ வின்யேஸ் அடிகளார். உயரத்து இழைமேகங்கள் போகும் திசையை நாள்தோறும் குறித்துவைத்தார். புயல் கடந்த ஊர்களுக்கு நேரில் சென்று சேதத்தை ஆராய்ந்தார். 1875 செப்டம்பர் 11 அன்று புயல் வருகிறது என்று முன்னறிவிப்பு வெளியிட்டார். மக்கள் அவரை நம்பினார்கள். 1893-இல் அவர் இறந்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின், ஒரு புயல் மெக்சிக்கோ வளைகுடாவுக்குள் நுழைகிறது என்று கியூபாவினர் கணித்தனர். அமெரிக்க அதிகாரிகளோ அது வடக்கே திரும்பிவிடும் என்று இருந்தார்கள். 1900 செப்டம்பர் 8 அன்று கால்வெஸ்டன் நகரில் குறைந்தது 6,000 பேர் மாண்டனர். அறிவு இருந்தது, அதற்குச் செவிசாய்ப்பார் இல்லை.

நம் வங்கக் கடலிலேயே பாருங்கள். 1970 நவம்பரில், அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்க தேசத்தில் குறைந்தது மூன்று இலட்சம் பேர் ஒரே புயலில் இறந்தார்கள். புயல் வருகிறது என்று அவர்களில் மிகப் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருந்தார்கள் என்பதுதான் கொடுமை. உறுதியான கட்டடத்தில் ஒதுங்கியவர்களோ மிகச் சிலரே. பின்னர் அந்த ஏழை நாடு என்ன செய்தது? ஊர்தோறும் தொண்டர்களைப் பயிற்றி, கையில் ஒலிபெருக்கி கொடுத்து வீடு வீடாக அனுப்பியது. புகலிடக் கட்டடங்களை எழுப்பியது. மாடு கன்றுகள் ஏறி நிற்க மண்மேடுகளை அமைத்தது. 1991-இல் இன்னொரு பெரும்புயல் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றபோதும் அந்த நாடு மனம் தளரவில்லை; புகலிடங்களைப் பெருக்கியது. 2020-இல் ஆம்பன் புயல் வந்தபோது 20 இலட்சத்துக்கும் அதிகமானோரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். அங்கே இறந்தோர் தொகை நூறைக்கூட எட்டவில்லை. புயலுக்குப் புயல் வலிமை வேறுபடும் என்பது உண்மைதான். ஆயினும் இந்த வேறுபாடு காற்று தந்ததன்று. மனிதர் உழைத்துப் பெற்றது.

மாடுகளுக்கு மேடு எதற்கு என்று கேட்பீர்கள். அதை எனக்குக் கற்பித்தவர் ஒரு பாட்டி. 2018 நவம்பர் 15, கஜா புயல் கரையேறிய இரவு. அப்போது நான் வேறொரு கடலோரப் பங்கில் இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு வரும்படி அந்தப் பாட்டியை இருமுறை அழைத்தேன். "சாமி, ரெண்டு ஆட்டையும் விட்டுட்டு நான் மட்டும் வந்து என்ன செய்ய?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதிகாரிகளின் உத்தரவைச் சொல்லி அதட்டினேன். அவர் அசையவில்லை. உடன் வந்த இளைஞன் ஒன்றும் பேசாமல் ஓர் ஆட்டைத் தோளில் தூக்கினான்; மற்றொன்றைக் கயிற்றில் பிடித்தான். பாட்டி பின்னாலேயே வந்துவிட்டார். விடிந்தபோது அவர் குடிசை இருந்த இடத்தில் ஒரு தென்னை விழுந்து கிடந்தது. நான் உத்தரவைத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் ஆட்டைத் தூக்கினான். அன்றிரவு நல்ல மேய்ப்பன் யார் என்று இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

ஆகவே பொன்விழா நினைவாக நான் உங்களிடம் கேட்பது கட்டடமன்று. தெருவுக்கு இரண்டு இளைஞர் முன்வாருங்கள். நடக்க முடியாதவர் யார், கர்ப்பிணிகள் யார், தனித்திருக்கும் முதியோர் யார் என்று இப்போதே எழுதிவையுங்கள். கூண்டு ஏற்றியதும் அந்தக் கதவுகளைத் தட்டுங்கள். பள்ளிக்கூடச் சாவி யாரிடம் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். ஆடுமாடுகளுக்கும் இடம் ஒதுக்குவோம். வீட்டுப் பத்திரங்களை நீர் புகாத பையில் கட்டி வையுங்கள். 2017-இல் ஒக்கி புயலாக வலுத்தபோது குமரி மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள்; கரையில் ஏற்றும் கூண்டு அவர்கள் கண்ணுக்கு எட்டாது. எனவே செய்தி வாங்கும் கருவியில்லாமல் எந்தப் படகும் ஆழ்கடலுக்குப் போகவேண்டாம். ஒடிசாவில் 1999 புயலின்போது, அலையாத்திக் காடு நின்ற கிராமங்களில் சாவு குறைவாக இருந்ததென்று ஆய்ந்தவர்கள் கண்டார்கள். நம் கழிமுகத்தில் எஞ்சியுள்ள செடிகளை விறகுக்கு வெட்டாதீர்கள்.

எச்சரிக்கை பத்துமுறை பொய்த்துப்போகலாம். பதினோராம் முறையும் எழுந்து வாருங்கள். வீணாகிப்போன ஓர் இரவை எண்ணி யாரும் அழுததில்லை.

இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து நூற்றாண்டு விழா மலர் வெளிவரும். அதில் நம் பேரப்பிள்ளைகள் இப்படி எழுதட்டும்: "இடையில் புயல்கள் பல வந்தன. கூரைகள் பறந்தன, படகுகள் உடைந்தன. நம் பங்கில் ஓர் உயிரும் போகவில்லை."

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.