மூலையில் குந்திய முதியோனும் மூட்டை சுமந்த ஐயரும்



இலண்டன் மாநகரில், ஸ்ட்ராண்ட் என்னும் பெருவீதியை ஒட்டிய நோர்போக் வீதியின் முனையில் ஒரு தேநீர்ச்சாலை. அதன் மூலையில் ஒரு மேசை. அம்மேசையின் முன் நாள்தோறும் வந்து குந்தியிருப்பார் ஒரு கிழவர். மெலிந்த உடல், வெளிறிய முகம், கையிலே எப்பொழுதும் ஒரு துண்டுக் கயிறு. அக்கயிற்றில் விதவிதமான முடிச்சுகளைப் போடுவார். போட்டவற்றைத் தாமே அவிழ்ப்பார். விரல்கள் இந்த வேலையில் ஈடுபட்டிருக்க, பொலிஸார் கண்டுபிடிக்க மாட்டாமற் கைவிட்ட கொலைகளையும் களவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அவிழ்த்துக் காட்டுவார். கேட்டுக்கொண்டிருப்பவள் போலி பேர்ட்டன் என்னும் இளம் பத்திரிகை நிருபர். கிழவருக்குப் பெயர் இல்லை, பதவி இல்லை, ஊதியமும் இல்லை. 'மூலையில் இருக்கும் முதியவர்' என்பதே அவருக்கு வழங்கிய பெயர்.

இவரைப் படைத்தவர் ஹங்கேரி நாட்டிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய ஓர்க்ஸி சீமாட்டி. 1901ஆம் ஆண்டில் 'ரோயல்' என்னும் சஞ்சிகையில் இக்கதைகள் வரத்தொடங்கின. அக்காலத்தில் துப்பறியும் கதை என்றாலே ஷெர்லக் ஹோம்ஸ்தான். ஹோம்ஸ் பூதக்கண்ணாடியுடன் மண்ணிலே மண்டியிட்டுக் காலடி தேடுவார், வேடம் புனைவார், வண்டியேறி ஊரூராய்ச் செல்வார். நம்முடைய கிழவரோ, வழக்கு நடக்கும்போது நீதிமன்றத்துக்குப் போய் ஒரு மூலையில் இருந்து கேட்பதோடு சரி. மிகுதியெல்லாம் தேநீர்ச்சாலை மேசையிலேயே முடிந்துவிடும். அவர் அங்கு அருந்துவது தேநீரும் அன்று. ஒரு கிளாஸ் பால்! தேநீர்ச்சாலையிற் குந்திக்கொண்டு பால் அருந்தும் மனிதரை அந்த அம்மையார் எதற்காகப் படைத்தாரோ தெரியவில்லை.

அந்தத் தேநீர்ச்சாலை கற்பனையன்று. ஏ. பி. சி. என்ற ரொட்டிக் கம்பனி ஒன்று இலண்டனெங்கும் நடத்திவந்த கடைகளுள் ஒன்றாகவே கதையில் அது வருகிறது. 1864ஆம் ஆண்டில், அக்கம்பனியின் கடையொன்றை நிர்வகித்த பெண்மணி வாடிக்கையாளருக்குத் தேநீரும் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து இச்சாலைகள் பெருகினவாம். ஆண்துணை இல்லாத பெண் ஒருத்தி கௌரவத்துடன் வந்து அமரக்கூடிய பொது இடம் அக்கால இலண்டனில் அரிது. அவ்வாறான இடமாக இவை இருந்தமையாலேயே போலி பேர்ட்டன் தனியே வந்து அக்கிழவர் எதிரில் அமர முடிந்தது.

கிழவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. குற்றவாளி இன்னார் என்று தெரிந்தபின்னும் அவர் பொலிஸாரிடம் சொல்வதில்லை. தண்டனையில் அவருக்கு அக்கறை கிடையாது. கெட்டிக்காரத்தனமாய்த் தப்பியவனைக் கண்டு உள்ளூர வியப்பார். கடைசிக் கதையிலோ, அவர் விரலிற் சுழலும் கயிற்று முடிச்சே அவர்மீது சந்தேகம் கொள்ளச் செய்கிறது. இத்தனை நாளாய்க் கதை சொன்னவர் தாமே ஒரு கொலைகாரரோ என்று அந்தப் பெண் திகைத்து நிற்க, கிழவர் எழுந்து போய்விடுகிறார்.

இந்த முதியவருக்கும் நம் மலையகத்துக்கும் என்ன உறவு? 1924ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு தமிழ் நவீனம் வெளிவந்தது. அதன் பெயர் 'மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறன்'. பெயரைக் கேட்டதுமே எவருடைய பேரன் இவன் என்பது விளங்கிவிடும். அக்காலத்திற் சென்னைப் பக்கத்தில் ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும், ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்தசிங்கும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் வாசகரைக் கட்டிப் போட்டிருந்தனர். ஆகவே இலங்கையில் ஒருவர் துப்பறியும் கதை எழுதியதில் வியப்பில்லை. எழுதியவர் யார் என்பதிலேதான் வியப்பு. தோட்டத் தொழிலாளருக்காகப் பிற்காலத்திற் சட்டசபையிலும் சந்தைத் திடலிலும் முழங்கிய கோ. நடேசய்யரே அவர்!

'அமர்ந்த' என்றோ 'வீற்றிருந்த' என்றோ எழுதாமல், 'குந்திய' என்ற சொல்லை ஐயர் தேர்ந்தெடுத்ததைக் கவனிக்க வேண்டும். திண்ணையிலும் வரப்பிலும் லயத்து வாசலிலும் வழங்கும் சொல் அது. இலண்டன் கிழவர் அந்த ஒரே சொல்லினால் நம்மவர் ஆகிவிடுகிறார்.

ஐயர் தஞ்சையிலே 'வர்த்தக மித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் வர்த்தகர் சங்க அலுவலாக இலங்கைக்கு வந்தார். வந்த இடத்தில், மலைநாட்டுத் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளரின் நிலையை நேரிற் காண விரும்பினார். அதற்கு வழியில்லை. தோட்டம் என்பது தனியார் காணி. துரையின் உத்தரவின்றி உள்ளே நுழைபவர், அவர் தொழிலாளியின் உடன்பிறந்தவரே ஆயினும், அத்துமீறிப் பிரவேசித்த குற்றத்துக்கு ஆளாகலாம். பத்திரிகைக்காரர் என்று தெரிந்தாலோ கேட்கவே வேண்டாம். எனினும் துணி வியாபாரிகளுக்கு மட்டும் உள்ளே போக இடம் இருந்தது. தொழிலாளருக்குச் சேலையும் வேட்டியும் வேண்டுமே!

ஐயர் புடவை வியாபாரி வேடம் புனைந்தார். பூணூல் அணிந்த தோளிலே துணிமூட்டை ஏறிற்று. லயத்துக்கு லயம் சென்று, துணியை விரித்து, விலை பேசும் சாக்கிலே ஊர் பேர் கேட்டு, வரவு செலவு கேட்டு, கண்டவற்றையும் கேட்டவற்றையும் பின்னர் எழுதி வெளியிட்டார். கதையில் வரும் கிழவர் மூலையை விட்டு எழாதவர். அக்கிழவரைத் தமிழுக்குக் கொணர்ந்தவரோ மூட்டை சுமந்து மலையேறியவர். உளவு என்பதன் கஷ்டத்தைக் கால் நோக அறிந்த ஒருவர், சில ஆண்டுகள் கழித்து, உட்கார்ந்தபடியே எல்லாம் அறியும் ஒரு முதியோன்மீது ஆசை கொண்டதில் ஒரு நியாயம் இருக்கவே செய்கிறது.

தோட்டத்தினுள்ளே துப்பறிவதற்கு என்ன இருந்தது? அங்கே கத்தியும் இரத்தமும் கிடக்கவில்லை, கணக்கு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வரும்போதே முற்பணம் என்ற பெயரிற் கடன். அக்கடன் தொழிலாளியின் பெயரிலே கங்காணியின் ஏட்டில் வளரும். ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், கடன் இவ்வளவு என்று எழுதிய 'துண்டு' ஒன்று வேண்டும். துண்டு கிடைக்காதவனை வேறெந்தத் துரையும் ஏற்கமாட்டார். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிவு. சொன்ன நிறை குறைந்தால் அன்றைய உழைப்புக்கு 'அரைப் பேர்'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கடல் கடந்து வந்தவரின் கழுத்தில், தோட்டத்தின் குறியும் ஆளின் இலக்கமும் பொறித்த ஒரு தகரத் துண்டும் தொங்கிற்று. இவற்றில் எதுவும் ஒளித்துச் செய்யப்பட்ட குற்றமன்று. பட்டப்பகலில், சட்டத்தின் துணையோடு, பேரேட்டில் எழுதிச் செய்யப்பட்டது. அதனாலேயே அதைக் குற்றமென்று காண்பதற்கு ஒரு துப்பறிவாளர் வேண்டியிருந்தது. துண்டு முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1927இல் வந்தது.

ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கொனன் டொயிலும் இலங்கைத் தேயிலையை ஒரு முறை ஆராய்ந்திருக்கிறார். கோப்பிப் பயிர் நோயால் அழிந்தபின் மனந்தளராமல் தேயிலை நட்டு வென்ற துரைமாரின் நெஞ்சுரத்தை, 1892இல் எழுதிய கதையொன்றில் அவர் வானளாவப் புகழ்ந்தார். குழி வெட்டியவர் யார், கன்று நட்டவர் யார், காட்டிலும் வழியிலும் மாண்டவர் எத்தனை பேர் என்ற துப்பு அவருக்குக் கிடைக்கவில்லை போலும்! இலண்டன் தேநீர்ச்சாலைகளிலே அந்நாளில் ஊற்றப்பட்ட தேநீரிற் பெரும்பகுதி இந்தியாவிலும் இலங்கையிலும் விளைந்தது. மூலையிலிருந்த முதியவர் பக்கத்து மேசைக் கோப்பையை எட்டிப் பார்த்துக் கேட்டிருக்கக்கூடிய வழக்கு ஒன்று அங்கேயே ஆறிக்கொண்டிருந்தது.

1920களின் தொடக்கத்தில் இலங்கையிலேயே தங்கிவிட்ட ஐயர், முதலிற் கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து உழைத்தார். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். பின்னர்க் குணசிங்காவைப் பிரிந்து, 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் கண்டு, ஹட்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டார்.

ஹட்டனைப் போன்ற மலையக நகரங்களின் தேநீர்க்கடையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவை இலண்டன் சாலையைப் போன்றவை அல்ல. ஒரு குடும்பத்தின் உழைப்பே கடை. தகப்பன் கொதிகெண்டியின் அருகில் நின்று ஆற்றுவான். தாய் உள்ளே அடுப்படியில் வடைக்கு அரைப்பாள். பிள்ளை கோப்பை கழுவும். வாங்கில் இருப்பவன் குடிப்பது பெரும்பாலும் தூள் தேயிலையில் இறக்கிய சாயம். நல்ல தேயிலை கப்பலேறிவிடும். ஆயினும் அந்த வாங்குக்கு ஒரு மகத்துவம் உண்டு. தோட்டத்து எல்லைக்கு இப்பால், துரையின் அதிகாரம் செல்லாத நிலத்தில், ஒரு தோட்டத்தான் மற்றொரு தோட்டத்தானைச் சந்திக்கக்கூடிய இடம் அது. பத்திரிகை வந்தால் எழுத்தறிந்த ஒருவன் படிப்பான். பத்துப் பேர் கேட்பார்கள். எந்தத் தோட்டத்திற் பேர் வெட்டினார்கள், எந்தக் கங்காணி ஆளைப் பிடித்தான், யார் வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதெல்லாம், ஒரு கேள்வியும் கேளாமலேயே, தேநீர் ஆற்றுபவன் காதில் வந்து விழும். ஆற்றுகிற கை நிற்காது, காதும் ஓயாது. கடன் கேட்டு வந்தவன் முகத்தைப் பார்த்தே அந்த மாதத்துச் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று சொல்லிவிடுவான்! சட்டம் படித்தவருக்கு ஒரு வாரம் பிடிக்கும் விசாரணை அது.

ஐயரின் மனைவி மீனாட்சியம்மையார் இந்த எழுத்தறியாக் கூட்டத்தின் தேவையை நன்கு உணர்ந்திருந்தார். கணவர் கட்டுரையாக எழுதியதை அவர் பாட்டாக்கினார். கூட்டம் தொடங்குமுன் தாமே பாடுவார். 1931இல் 'இந்தியத் தொழிலாளர் துயரச் சிந்து' என்றும், 1940இல் இந்தியர்களின் இலங்கை வாழ்க்கை நிலைமை குறித்தும் அவர் பாடிய பாடல்கள் சிறு நூல்களாக வெளிவந்தன. அக்கால மலைநாட்டு மேடையில் ஒரு பெண் எழுந்து நின்று பாடுவது சாதாரணக் காரியமன்று.

வேடம் புனைந்து உளவறிந்த ஐயரையே பின்னர் அரசாங்கத்தின் பொலிஸார் கண்காணிக்கலாயினர். அவர் சளைக்கவில்லை. 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, 1947 வரை அங்கே குரல் கொடுத்தார். 1947ஆம் ஆண்டிலேயே காலமானார். மூலையில் முதியவரைப் படைத்த ஓர்க்ஸி அம்மையார் மறைந்ததும் அதே ஆண்டில்.

அடுத்த ஆண்டு, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உரிமை கோரியவர்கள், இந்நாட்டிலே இடைவிடாது வாழ்ந்தமைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. மணமானவருக்கு ஏழு ஆண்டு. மணமாகாதவருக்குப் பத்து ஆண்டு. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏறக்குறைய 1,34,000 பேருக்கே உரிமை கிடைத்தது. மிஞ்சியோரிற் பலர் பின்னர் ஒப்பந்தங்களின்படி கப்பலேற்றப்பட்டனர். நாடற்று எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே கதவைத் திறந்தது.

விண்ணப்பம் எழுதிய அந்நாட்களில், லயத்துக்கு லயம் எழுத்தறியாத தகப்பன்மார், தம் வாழ்க்கையைத் தாமே துப்பறியப் புறப்பட்டார்கள். பிறப்பைப் பதியாத கணக்கப்பிள்ளை எந்த ஊருக்குப் போனார்? எரிந்துபோன செக்றோலுக்குப் பிரதி உண்டா? பாட்டன் கழுத்தில் தொங்கிய தகரத்தை யார் வைத்திருக்கிறார்? தோட்டப் பாடசாலையின் சேர்வு இடாப்பில் மூத்த மகளின் பெயரை வாத்தியார் எந்த ஆண்டில் எழுதினார்? இத்தனை கேள்விகளையும் துணியில் முடிந்துகொண்டு அவர்கள் கச்சேரிக்குப் போனார்கள். போகும் வழியில், பஸ் வரும்வரை, அதே தேநீர்க்கடை வாங்கிற் குந்தி, காகிதங்களை எடுத்து எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள்.