பாடகர் ஒருவரின் நோட்டுப் புத்தகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் கம்பரைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசுவதே வழக்கம். அது புலமை மிக்கோர் செய்ய வேண்டிய பணி. எங்கள் வீட்டில் கணவன் மனைவி இருவருக்குமே படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. ரயில்வே சரக்கு அலுவலகத்துப் பதிவேடுகளே எங்கள் பிழைப்பு. ஆகவே, எங்கள் இல்லத்தில் நடந்த ஒன்றையும், அதன் காரணமாக நாங்கள் படிக்க நேர்ந்த ஒரு கவிதை நூலையும் பற்றி மட்டும் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

பதினோராம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகன் எந்நேரமும் காதில் கருவியைச் செருகிக்கொண்டு 'ராப்' பாடல்களைக் கேட்பவன். தாளத்துக்கு இசைய, பேசுவது போலவே விரைந்து சொல்லும் பாட்டு முறை அது. 1970-களில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின இளைஞரிடையே பிறந்தது. எங்கள் காதுக்கு அது வெறும் இரைச்சலாகவே பட்டது. ஒரு நாள், கணக்குப் பாடத்துக்கென்று வாங்கிக் கொடுத்த நோட்டில் கணக்குக்குப் பதிலாகப் பாட்டு எழுதியிருக்கக் கண்டோம். இந்தி பாதி, ஆங்கிலம் பாதி. தேர்வு நெருங்கிய நேரம். படித்துப் பார்க்கவும் பொறுமை இன்றி நான்கு தாள்களைக் கிழித்து எறிந்தோம்.

மகன் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், நண்பனிடம் இரவல் வாங்கிய ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து எங்கள் முன் வைத்தான். "அப்பா, இதுவும் அப்படிப்பட்ட ஒரு நோட்டுதான். வேண்டுமானால் இதையும் கிழித்துவிடுங்கள்" என்றான். அச்சொல் எங்களைச் சுட்டது. அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு இரவுதோறும் அதைப் படிக்கலானோம். புரியாத இடங்களை மகனே விளக்கினான்.

நூலின் பெயர் 'சிமெண்டுத் தரையில் முளைத்த ரோஜா' என்று பொருள்படும். எழுதியவர் டூபாக் ஷகூர் என்னும் அமெரிக்க ராப் பாடகர். 1971-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தவர். அவருடைய தாய் அஃபேனி ஷகூர், கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்தைச் சேர்ந்தவர். சதி வழக்கில் சிக்கிய அவ்வம்மையார், கருவுற்றிருந்த நிலையில் நீதிமன்றத்தில் தமக்காகத் தாமே வாதாடி, 1971 மே மாதம் விடுதலை பெற்றார். அடுத்த மாதமே பிள்ளை பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பெரு நாட்டில் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து உயிர் கொடுத்த டூபாக் அமாரு என்னும் தலைவரின் பெயரைத் தாய் மகனுக்குச் சூட்டினார்.

வறுமையால் அக்குடும்பம் ஊர் ஊராக மாறியது. பால்டிமோர் நகரத்துக் கலைப் பள்ளியில் நடிப்பும் கவிதையும் நடனமும் பயின்றுகொண்டிருந்த பிள்ளை, 1988-இல் படிப்பை நடுவில் விட்டுக் கலிபோர்னியாவுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே தாய் போதைப் பழக்கத்துக்கு ஆளானார். அந்நாளில்தான் லைலா ஸ்டைன்பெர்க் என்னும் பெண்மணி நடத்திய கவிதை வகுப்பில் அவர் சேர்ந்தார். 1989 முதல் 1991 வரை எழுதிய கவிதைகளே இந்நூலில் உள்ளவை. அப்போது அவருக்கு வயது இருபதுக்குள். முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது 1991 நவம்பரில். புகழ் வருமுன்னே, ஒரு பிள்ளை தன் மனத்தை ஆற்றிக்கொள்ள எழுதியவை இவை.

நூலின் அமைப்பைக் கண்டு குமாஸ்தாக்களாகிய நாங்கள் வியந்தோம். ஒரு பக்கத்தில் அச்செழுத்து. எதிர்ப்பக்கத்தில் அவருடைய கையெழுத்து அப்படியே. ஆங்கிலத்தில் 'டு' என்னும் சொல்லுக்கு 2 என்றும், 'ஃபார்' என்பதற்கு 4 என்றும் இலக்கத்தையே எழுதுவது அவர் பழக்கம். பதிப்பித்தவர்கள் அதைத் திருத்தவில்லை. மூலப் பதிவேட்டில் கை வைக்கலாகாது என்பது எங்கள் அலுவலக விதி. அந்த விதியை ஓர் ஏழைப் பிள்ளையின் நோட்டுக்கும் அவர்கள் பொருத்தியிருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் செய்ததையும் அப்போது எண்ணிப் பார்த்தோம்.

அதில் 70-க்கும் மேற்பட்ட கவிதைகள் உள்ளன. சிமெண்டின் வெடிப்பில் வேர் விட்ட ரோஜாச் செடியாகத் தம்மையே காண்பது ஒன்று. நெல்சன் மண்டேலாவுக்கு ஒன்று. உலகம் மதிக்கத் தவறிய ஓவியர் வான் கோவுக்கு ஒன்று. தனிமையைப் பற்றித் தமக்குத் தாமே எழுதிக்கொண்டதும் உண்டு. எங்களை நிறுத்தியது தாய்க்கு எழுதிய கவிதை. தான் வீரராகப் போற்றிய தாய் விழுந்துவிட்டதைக் கண்ட பிள்ளையின் வேதனை அது. நேரில் சொல்ல நா எழாததை அவர் தாளிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தத் தாய் பின்னர் அப்பழக்கத்திலிருந்து மீண்டார். 1995-இல் மகன் தாயைப் போற்றிப் பாடிய பாடலை, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2010-இல், காத்து வைக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது. மேடையில் முழங்கிய அப்பாடலின் வித்து நோட்டுப் புத்தகத்தில் கிடந்தது என்று நாங்கள் கருதுகிறோம்.

இவரா முன்மாதிரி என்று பெரியோர் கேட்கலாம். கேள்வி நியாயமே. அவர் பாடல்கள் பலவற்றில் வீட்டில் சொல்லத் தகாத சொற்கள் உண்டு. ஒரு பெண்ணுக்குத் தீங்கு இழைத்த வழக்கில் தண்டனை பெற்று 1995-இல் சிறையிலும் இருந்தார். 1996 செப்டம்பரில் லாஸ் வேகஸ் நகரில் சுடப்பட்டு, 25 வயதிலேயே மாண்டார். இவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. அவரைப் போல் வாழுங்கள் என்று எந்தப் பிள்ளைக்கும் நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் உலகம் அறிந்த அந்த ஆரவாரமான மனிதருக்குள், நோட்டும் கையுமாக ஒரு மென்மையான பிள்ளை இருந்தது என்பதும் உண்மை. ஆசிரியையாக வாய்த்த ஒருவர் அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்தியதால், அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1999-இல் அவை நூலாயின. பத்திரப்படுத்தாதிருந்தால், மிஞ்சியிருப்பது ஆரவாரம் மட்டுமே.

நூலைப் படித்து முடித்த இரவு, நாங்கள் கிழித்த தாள்களைத் தேடினோம். எங்கள் இளைய மகள் அவற்றைப் பொறுக்கி, தன் பெட்டியில் வைத்திருந்தாள். மூன்று தாள்களே இருந்தன. ஒட்டிவைத்துப் படித்தோம். சென்ற ஆண்டு ஊரில் அவர்கள் பாட்டி காலமானார். செய்தி கிடைத்தும் வண்டியில் இடம் கிடைக்காமல், முகம் பார்க்கக்கூட நாங்கள் போய்ச் சேர முடியவில்லை. அன்றிரவு பிளாட்பாரத்தின் கோடியில், விளக்கில்லாத இடமாகப் பார்த்து நின்று, பிள்ளைகள் அறியாமல் கண்ணீர் விட்டோம். அறியாமல் என்று எண்ணினோம். மகன் பார்த்திருக்கிறான். அதைத்தான் எழுதியிருக்கிறான். இந்தி வரிகளின் நடுவே 'பாட்டி' என்ற சொல்லை மட்டும், சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் கற்ற தமிழ் எழுத்தில், கோணல் மாணலாக எழுதியிருந்தான்.

நான்காவது தாளை மறுபடி எழுதித் தர முடியுமா என்று கேட்டோம். "நினைவில்லை, அப்பா" என்றான். அந்த நஷ்டத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் ஈடு கிடையாது.

பெரியோர்களே! பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்தவர்கள் நாம். நம் துயரங்களைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. அவர்கள் தங்கள் துயரங்களை நம்மிடம் சொல்வதில்லை. இரண்டும் சந்திக்கும் இடம் ஒருவேளை அந்த நோட்டுப் புத்தகமாக இருக்கலாம். எந்த மொழியில் எழுதுகிறான் என்று பார்க்குமுன், என்ன எழுதுகிறான் என்று கேட்போம். காட்டினால் படிப்போம்; காட்டாவிட்டால் காத்திருப்போம்.

சங்கத்துக்கு எங்கள் விண்ணப்பம் ஒன்றே. அடுத்த ஆண்டு விழாவில், நம் பிள்ளைகள் தாமே எழுதியதைத் தமக்கு வந்த மொழியில் வாசிக்க அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். அப்போது யாரும் எழுந்து பிழை திருத்த வேண்டாம். எங்கள் மகனுக்குப் புதிய நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அவன் இன்னும் காட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை.