‘பொருள்’ காலியா இருக்கக் கூடாது



குழு வேலைக்கு மெயில் எழுதுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது காலேஜ் படிச்ச பிள்ளைங்க வேலைன்னு நாம ஒதுங்கிடுறோம். நான் படிச்சது பத்தாம் வகுப்பு. அதுவே போதும். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதினது ஞாபகம் இருக்கா? அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். மெயிலும் அதேதான். அனுப்புநர் தானாக வந்துவிடும். பெறுநர் இடத்தில் அவங்க மெயில் முகவரி. மிச்சம் ‘பொருள்’. அதைத்தான் நம்ம ஆளுங்க காலியா விடுறாங்க, இல்லேன்னா ‘வணக்கம் சார்’னு போடுறாங்க.

வங்கியில கடன் பார்க்கிறவருக்கு நம்ம குழு ஒண்ணு மட்டுமா? சுத்துப்பட்டு ஊர்க் குழு எல்லாம் அவர் தலையிலதான். பத்து ‘வணக்கம் சார்’ வந்தா எதைத் திறப்பார்? குழுவின் பெயர், ஊராட்சி, ‘கடன் புதுப்பிக்க விண்ணப்பம், தீர்மான நகல் இணைப்பு’ என்று பொருளில் எழுதினால் திறக்காமலே விஷயம் புரியும். மூணு மாசம் கழிச்சுத் தேடினாலும் கிடைக்கும்.

உள்ளே, ‘தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதுவோம். அழகாத்தான் இருக்கு. ஆனா என்ன நடவடிக்கை? இப்படி எழுதிப் பாருங்க:

“ஐயா, எங்கள் குழுவின் முந்தைய கடன் முழுவதும் கட்டி முடிக்கப்பட்டது. புதுக் கடனுக்கான தீர்மான நகலை இணைத்துள்ளோம். வேறு ஆவணம் தேவையா? ஊக்குநரும் பிரதிநிதிகளும் எந்தத் தேதியில் கையெழுத்திட வரவேண்டும்?”

அவ்வளவுதான். கேள்வியா கேட்டாத்தான் பதில் வரும். ஒரு நாள் கூலியை விட்டுட்டு, ‘அடுத்த வாரம் வாங்கம்மா’ன்னு கேட்டுட்டுத் திரும்புறது மிச்சம்.

தீர்மானத்தைப் போட்டோ எடுக்கும்போது நம்ம நிழல் எழுத்து மேல விழாம வெளிச்சத்தில் வைத்து எடுங்க. ஆதார் நகல் கேட்டவங்களுக்கு மட்டும் போகட்டும். ஓடிபியும் பாஸ்வேர்டும் யார் கேட்டாலும் மெயில்ல எழுதாதீங்க. கோபமா இருக்கும்போது எழுதினதை உடனே அனுப்பாதீங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து இன்னொரு தடவை படிங்க.

வாட்ஸ்அப்ல போட்டா ஆகாதான்னு கேப்பீங்க. காலை வணக்கப் பூப்படங்களுக்கு அடியில அது போயிடும். மெயில், அழிக்காத வரை ‘அனுப்பியவை’யில் தேதி, நேரத்தோட நிக்கும். ‘உங்க விண்ணப்பம் வரவே இல்லையே’ன்னு யாராவது சொன்னா, சண்டை வேண்டாம். அதே மெயிலைத் திறந்து மறுபடி அனுப்பி, ‘இந்தத் தேதியில் அனுப்பியது’ என்று ஒரு வரி சேர்த்தா போதும். ‘சிசி’ன்னு இருக்கிற இடத்தில் கூட்டமைப்பு முகவரியையும் போடுங்க. பில் புக்குல கார்பன் வைக்கிற மாதிரிதான். அந்தப் பேரே கார்பன் காப்பியில இருந்து வந்தது.

இன்னொண்ணு, எனக்கு இதுதான் பெரிய கவலை. பல குழுக்களோட மெயில் யாரோ ஒருத்தங்க மகன் போன்ல இருக்கு. அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனா நம்ம மெயிலும் கூடவே போகுது. வங்கி பதில் போட்டாலும் நமக்குத் தெரியாது. மெயில் குழு பேரில் இருக்கணும். அதில் கொடுக்கிற போன் நம்பர் பொறுப்பில் இருக்கிற உறுப்பினருடையதா இருக்கணும். பொறுப்பு மாறும் அன்னிக்கே அந்த நம்பரையும் பாஸ்வேர்டையும் மாத்தி, மாத்தியாச்சுன்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதிடுங்க. பாஸ்வேர்டை அதில் எழுதிடாதீங்க!

சாப்பாட்டுக்கு அப்புறம் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். குழு மெயில் யார் போன்ல இருக்குன்னு தெரியாதவங்க முதல்ல வாங்க.