கத்தியை யார் கையில் கொடுப்பது?

(தென்காசியில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கூலியையும் பஞ்சப்படியையும் பற்றிப் பேசும் மேடையில், உடம்பின் உருவத்தைத் திருத்தும் ரண சிகிச்சை பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். சீசன் காலத்தில் குற்றாலத்திற்குப் போய்ப் பாருங்கள். பேரருவியிலும் ஐந்தருவியிலும் ஜனங்கள் ஆனந்தமாகக் குளிக்கிறார்கள். மார்பு பெண்ணுக்குப் போல் பருத்திருப்பதால் சட்டையைக் கழற்றக் கூசி ஒதுங்கி நிற்கும் வாலிபனும் அங்கே உண்டு. அடுப்புத் தீயில் வெந்து கழுத்துத் தோல் சுருங்கிப்போன சகோதரி உண்டு. மூன்று பிள்ளை பெற்று, வயிற்றுத் தோல் தொங்கி, நாற்று நடக் குனியும்போது மடிப்பில் புண்ணாகி வேகிற தாயும் உண்டு. இவர்கள் சீமான் வீட்டு மக்களா? நம் வீட்டு மக்கள்.

இவர்களைக் குறிவைத்துத்தான் செல்போனில் விளம்பரம் வருகிறது. “ஒரே நாளில் தொப்பை போய்விடும், தழும்பே இராது, மாதத் தவணையில் கட்டலாம்” என்கிறார்கள். கடன் வாங்கிக் கத்தியின் கீழே படுக்கப் போகிறவனுக்கு நாம் எச்சரிக்கை சொல்ல வேண்டாமா?

இந்த வைத்தியம் பணக்காரனின் அழகுக்காகப் பிறந்தது அல்ல. திப்பு சுல்தானுடன் நடந்த 1792-ம் வருஷத்து யுத்தத்தில் ஆங்கிலப் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் சிறைப்பட்டார். அவர் மூக்கு அறுக்கப்பட்டது. புனாவில் செங்கல் அறுக்கும் குயவர் குலத்து வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலைத் திருப்பி இறக்கி அவருக்குப் புது மூக்கு அமைத்தார். 1794-ல் லண்டன் பத்திரிகையில் அது வெளியான பிறகுதான் ஐரோப்பிய டாக்டர்கள் அந்த முறையைக் கற்றார்கள். முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு ஹெரால்டு கில்லீஸ் இங்கிலாந்தில் முகம் சீர்படுத்தினார். 1948 முதல் வேலூரில் பால் பிராண்டு, குஷ்டத்தால் மடங்கிய விரல்களை நிமிர்த்தி, பிச்சை எடுத்த கைகளை வேலை செய்ய வைத்தார். ஆகவே, உழைப்பாளிக்கு இந்தச் சிகிச்சை எதற்கு என்று எவரும் ஏளனம் செய்ய வேண்டாம்.

ஆனால், அதே கத்தி லாப வேட்டைக்காரன் கையில் சிக்கினால் என்ன ஆகும்? 2016-ல் சென்னையில் தலைமுடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு வாலிபர் இறந்தார். அவர் மருத்துவக் கல்லூரி மாணவர்! 2022-ல் பெங்களூரில் கொழுப்பு அகற்றப் போன 21 வயது நடிகை இறந்தார். 2024-ல் சென்னையை அடுத்த பம்மலில் உடல் பருமனுக்கு ரண சிகிச்சைக்குப் போன 26 வயது வாலிபர் உயிரிழந்தார். படித்தவருக்கும் காசுள்ளவருக்கும் நேர்ந்தது நமக்கு நேராதா?

ஆபத்து எங்கே இருக்கிறது? கொழுப்பை உறிஞ்சும்போது தோலுக்கடியில் உப்பு நீரும் மரப்பு மருந்தும் ஏற்றி, குழாயை உள்ளே விட்டு இழுக்கிறார்கள். மருந்தின் அளவு மீறினால் இருதயம் நிற்கும். கொழுப்புத் துணுக்கோ, காலில் உறைந்த ரத்தக் கட்டியோ நுரையீரலில் போய் அடைக்கலாம். குழாய் குடலையும் குத்தலாம். இதைச் சமாளிக்கிற ஆளும் சாதனமும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் பார்க்க வேண்டியவை இவை:

முதலாவது, படிப்பு. எம்.பி.பி.எஸ். முடித்து, பொது ரண சிகிச்சையில் எம்.எஸ். மூன்று வருஷம், அதற்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். மூன்று வருஷம் படித்தவரா என்று கேளுங்கள். ‘அழகு சிகிச்சை நிபுணர்’ என்ற பலகையும், சில வார வகுப்பில் வாங்கிய சர்டிபிகேட்டும் போதாது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் அவர் பதிவு எண் இருக்கும். அதைச் சீட்டிலும் ரசீதிலும் அச்சிட வேண்டும் என்பது 2002-ம் வருஷத்து நடத்தை விதி. விளம்பரம் போட்டு நோயாளியைப் பிடிப்பதையும் அதே விதி தடுக்கிறது.

இரண்டாவது, இடம். 1997-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு செய்த ஆஸ்பத்திரியா? மயக்க மருந்து டாக்டர் முடிகிறவரை கூடவே இருப்பாரா? ஆக்சிஜன், ரத்தம், தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? அழகு நிலையத்தின் மாடி அறை ஆபரேஷன் தியேட்டர் ஆகாது.

மூன்றாவது, அவர் பேச்சு. “வெட்டப் போவது நீங்கள்தானா? இதே சிகிச்சை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? என்ன கெடுதல் வரலாம்? தழும்பு எங்கே விழும்? செய்யாமல் விட்டால் என்ன?” என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்பவரை நம்பலாம். தழும்பே இல்லை, ஆபத்தே இல்லை என்பவரைப் பார்த்ததும் எழுந்து வந்துவிடுங்கள். “உனக்கு இது வேண்டாம்” என்று சொல்லத் துணிகிற டாக்டரே நல்ல டாக்டர்.

நான்காவது, அவசரம் வேண்டாம். இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பது துணிக்கடைப் பேச்சு. சம்மதப் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மொத்தச் செலவையும் எழுதி வாங்குங்கள். இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. கொழுப்பு உறிஞ்சுவது எடை குறைக்கிற வழி அல்ல. விடலைப் பருவத்தில் பருக்கும் மார்பு பெரும்பாலும் தானே வற்றிவிடும். பெரியவர்களுக்கானால் மருந்தோ, குடியால் கெட்ட ஈரலோ காரணமாக இருக்கலாம். முதலில் பரிசோதனை, பிறகுதான் கத்தி. வயிற்றுத் தோலைக் குறைக்க நினைக்கும் தாய், இனிப் பிள்ளை வேண்டாம் என்று ஆன பிறகு செய்துகொள்வதே நல்லது. பீடி குடிப்பவர் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். புகையிலை ரத்தக் குழாயைச் சுருக்கும், தையல் ஆறாது.

கடனுக்குப் போகுமுன் சர்க்கார் கதவைத் தட்டுங்கள். தீயில் வெந்து சுருங்கிய தோலும், மெஷினில் நசுங்கிய விரலும் அழகுப் பிரச்னை அல்ல, பிழைப்புப் பிரச்னை. தென்காசித் தலைமை ஆஸ்பத்திரியில் காட்டி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கேளுங்கள். சென்னையில் ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கத்திலும் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும், மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ.யும் எதற்கு இருக்கின்றன? அங்கே போய் விசாரியுங்கள். வெறும் அழகுக்கு அவை பணம் தரமாட்டா; ஊனத்திற்கு உதவி கேட்பது நம் உரிமை.

கடைசியாக ஒரு வார்த்தை. மோசடிக்காரனின் மூலதனம் எது? நம் வெட்கம். ஊர் சிரிக்குமே என்று பயந்து, மனைவிக்கும் தெரியாமல், தன்னந்தனியாகப் போகிறவன்தான் அவனிடம் சிக்குகிறான். ஆகவே, உடம்புக் குறையைச் சொல்லி ஒருவன் வந்தால் கேலி செய்யாதீர்கள். சங்கத்தில் நாலு பேர் கூடி விசாரியுங்கள். டாக்டரிடம் அவனோடு ஒருவர் கூடப் போங்கள். கூலி பேசத் தனியாகப் போகாத நாம், உயிரைப் பேசவும் தனியாகப் போக வேண்டாம்!