ராத்திரி ஓட்டமும் ஒரு கைப்பட்டையும்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குப் பொறுப்பு மாற்றம் பற்றிப் பேசச் சொல்லி தலைவி அக்கா என்னிடம் சொல்லியிருக்காங்க. போன மாதம் "ஊக்குநர், பிரதிநிதிகளை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது" என்று சொன்னதுமே நாலைந்து குழுக்களில் முகம் வாடிப்போச்சு. ஒரு அக்கா நேராகவே கேட்டாங்க: "நல்லா ஓடிக்கிட்டிருக்கிற குழுவுல எதுக்கும்மா ஆளை மாத்தணும்?" நியாயமான கேள்விதான். விதிமுறையைப் படித்துக் காட்டி அவங்க வாயை அடைக்க எனக்கு மனசில்லை. "ஓடிக்கிட்டிருக்கிற" என்று சொன்னாங்க இல்லையா, அதனால் ஒரு ஓட்டத்தைப் பற்றியே சொல்கிறேன்.

பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டம் பார்த்திருப்பீங்க. நாலு பிள்ளைகள், கையில் ஒரு குச்சி, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அமெரிக்காவில் ஓரிகன் என்ற மாநிலத்தில் இதே தொடர் ஓட்டத்தை ஒரு பகல், ஒரு ராத்திரி, சில அணிகளுக்கு மறுநாள் பகலும் சேர்த்து ஓடுகிறார்கள். ஹூட் மலையில் தொடங்கிக் கடற்கரையில் முடிவதால் அதற்கு "ஹூட் டு கோஸ்ட்" என்று பெயர். மொத்தம் சுமார் 320 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு பயிற்சியில் இதைப் பற்றிய படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன்.

1982-ஆம் ஆண்டு பாப் ஃபுட் என்பவர் இதைத் தொடங்கியபோது வந்தது 8 அணிகள்தான். பிற்பாடு ஆயிரம் அணிகளுக்கு மேல் ஓடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. நம்ம கூட்டமைப்பும் எத்தனை குழுவில் தொடங்கியது என்று மூத்த அக்காக்களுக்கு நினைவிருக்கும்.

ஒரு அணியில் 12 பேர். முழுப் பாதையையும் 36 துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஆளுக்கு மூன்று துண்டு. ஒரு துண்டு சுமார் 6 கிலோமீட்டராகவும் இருக்கும், 12 கிலோமீட்டராகவும் இருக்கும். முதலாவது ஆள் 1, 13, 25 என்று ஓடணும். பன்னிரண்டாவது ஆள் 12, 24, 36. ஒருவர் ஓடும்போது மற்றவர்கள் வேனில் இருப்பார்கள். ஒரு அணிக்கு இரண்டு வேன், வேனுக்கு ஆறு பேர். முதல் வேன்காரர்கள் ஆறு பேரும் வரிசையாக ஓடி முடித்ததும் இரண்டாவது வேன்காரர்கள் ஏற்றுக்கொள்வார்கள். அந்த ஐந்து ஆறு மணி நேரத்தில்தான் முதல் வேன்காரர்கள் சாப்பிடணும், அடுத்த இடத்துக்குப் போய்ச் சேரணும், முடிந்தால் கண்ணை மூடணும். ராத்திரி முழுக்கச் சேர்த்துப் பார்த்தாலும் இரண்டு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் பெரிய விஷயம்.

குச்சிக்குப் பதிலாக ஒரு பட்டை. மணிக்கட்டில் தட்டினால் தானே சுற்றிக்கொள்ளும். ஓடி வருகிறவர் அதைக் கழற்றி, காத்திருப்பவர் கையில் மாட்டிவிடுவார். அது கைக்கு வந்தால்தான் அடுத்தவர் கிளம்பலாம்.

தொடங்குகிற இடம் மலைமேல் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் துண்டு முழுக்க இறக்கம். இறக்கம் என்றால் சுலபம் என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே துண்டில் 600 மீட்டர் போல இறங்குவதால் தொடை இரண்டும் கல்லாகிவிடுமாம். அந்தக் காலோடுதான் சாயங்காலம் இன்னொரு துண்டு, நடு ராத்திரிக்கு மேல் மூன்றாவது துண்டு. அதனால் யாருக்கு எந்த வரிசை என்பதை அணி முன்கூட்டியே உட்கார்ந்து பேசி முடிவு செய்யும். நல்லா ஓடுகிறவருக்கே எல்லாவற்றையும் கொடுக்க முடியாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவருக்கும் மூன்று துண்டுதான்.

போட்டி என்றால் எல்லாரையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடுவார்கள் என்று நினைப்போம். இங்கே அப்படிக் கிடையாது. மெதுவாக ஓடுகிற அணிகளை வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே அனுப்பிவிடுகிறார்கள். வேகமான அணிகளுக்கு மதியத்துக்கு மேல்தான் முறை. கடற்கரைக்கு எல்லாரும் ஓரளவு ஒரே நேரத்தில் வந்து சேரட்டும் என்று இந்த ஏற்பாடு. 1995-ல் ஒரு அணி 16 மணி நேரத்துக்குள்ளேயே முடித்துவிட்டது. சாதாரண அணிகளுக்கு ஒன்றேகால் நாள் ஆகும்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வருகிற அணிகள் ஓடுவதற்கு ஆள் தந்தால் மட்டும் போதாது. வேலை செய்யத் தொண்டர்கள் மூன்று பேரையும் தரணும். பந்திக்கு வருகிறவர்கள் பரிமாறவும் ஆள் அனுப்பணும் என்கிற மாதிரி. நம்ம கூட்டமைப்பு நாள் விழாவுக்கு இந்த விதியைக் கொண்டு வரலாமா என்று யோசிக்கிறேன். சிரிக்காதீங்க, நிஜமாகத்தான் சொல்றேன்.

இனி ராத்திரிக்கு வருகிறேன். போர்ட்லாந்து நகரம், ஆற்றங்கரை, செயின்ட் ஹெலன்ஸ் ஊர் எல்லாம் தாண்டிய பிறகு பாதை மலைக்காட்டுக்குள் போகிறது. தெருவிளக்கு கிடையாது. சில இடத்தில் தார் ரோடும் இல்லை, சரளை ரோடுதான். வேன்கள் போகப் போகப் புழுதி மூக்கை அடைக்கும். இருட்டில் ஓடுகிறவர்கள் வெளிச்சம் பட்டால் மின்னுகிற மேல்சட்டை போட்டு, நெற்றியில் விளக்கும் மாட்டியிருக்கணும். இது கட்டாயம். தூரத்திலிருந்து பார்த்தால் மின்மினி வரிசை மாதிரி இருக்கும். அந்தக் காட்டில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது.

இதுதான் முக்கியம். சிக்னல் இல்லாத இடத்தில் "நான் இன்னும் பத்து நிமிஷத்தில் வந்துடுவேன்" என்று யாரும் யாருக்கும் சொல்ல முடியாது. அதனால் கிளம்புவதற்கு முன்பே ஒரு தாளில் கணக்குப் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். இந்தத் துண்டு இத்தனை கிலோமீட்டர், இவர் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிஷம், ஆகவே இத்தனை மணிக்கு வருவார் என்று. அந்தத் தாளின் நகல் இரண்டு வேனிலும் இருக்கும். தாள் ஒரு வேனில் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? ஒருவர் உயிரைக் கொடுத்து மலையேறி ஓடி வருவார். பட்டையை வாங்க வேண்டியவர் வேனில் தூங்கிக்கொண்டிருப்பார். ஓடி வந்தவர் வியர்வை காயக் காயக் குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்பார். அவர் ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் நேரம் போய்க்கொண்டே இருக்கும்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கே சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது.

நான் பிரசவ விடுப்பில் போனபோது என் குழுக்களை இன்னொரு ஒருங்கிணைப்பாளரிடம் ஒப்படைத்தேன். தீர்மான நோட்டு, பேரேடு, வங்கிப் பாஸ் புத்தக நகல் எல்லாம் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கினேன். ஒரே ஒரு விஷயம் என் மண்டையிலேயே தங்கிவிட்டது. ஒரு குழுவுக்குப் பழைய கடன் முடிந்து புதுக் கடன் வந்திருந்தது. பழைய கடனுக்குத் தவணையை வங்கியே சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். புதுக் கடனுக்கும் அப்படி எடுக்க வங்கியில் ஒரு கடிதம் கொடுக்கணும். "நான் பார்த்துக்கறேன்க்கா" என்று சொன்னது நான். கொடுக்கவில்லை. புதிதாக வந்தவரிடம் சொல்லவும் இல்லை.

குழு மாதாமாதம் ஒரு நாள் தவறாமல் பணம் கட்டியது. பணம் சேமிப்புக் கணக்கில் பத்திரமாக இருந்தது. கடன் கணக்கில் ஒரு ரூபாய் ஏறவில்லை. மூன்று மாதம் தாண்டியதும் வாராக்கடன் என்று எழுதிவிட்டார்கள். சரிசெய்து அடுத்த கடன் கிடைப்பதற்குள் அந்தக் குழுவில் ஒரு அக்கா மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கைக்குழந்தையைப் பார்க்க வந்தபோது வெறுங்காதோடுதான் வந்தார். அதற்கு அவங்க திட்டியிருக்கலாம்.

ஆகவே அந்த அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். நல்லா ஓடுகிற ஊக்குநரை மாற்றினால் குழு கெட்டுவிடும் என்ற பயம் பொய்யில்லை, கெட்டுப்போகும்தான். மாற்றியதால் கெடாது, கைமாற்றும் இடத்தில் கெடும். என் விஷயத்தில் நோட்டு கைமாறியது, நினைப்பு கைமாறவில்லை. பத்து வருஷமாக ஒருவரே பார்க்கிற குழுவில் எத்தனை விஷயம் நோட்டில் ஏறாமல் அவர் நினைப்பில் மட்டும் இருக்கும்? அவருக்கு நாளைக்கு உடம்பு முடியாமல் போனால்? மாற்றத்தை நாமே தேதி வைத்துச் செய்வதா, அது தானாக வந்து விழட்டும் என்று இருப்பதா?

அந்தப் படத்தில் அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா வருவார். முந்தைய வருஷ ஓட்டத்தின்போது அவருக்கு இதயமே நின்றுபோய், பிழைக்க வைத்திருக்கிறார்கள். மறு வருஷம் திரும்ப ஓட வந்துவிட்டார். "வீட்டுல விட்டாங்களா?" என்று இங்கே யாரோ கேட்பது காதில் விழுது. எனக்கும் அதே சந்தேகம்தான். ஓட முடியாதவர்களுக்கும் இடம் இருக்கிறது. போர்ட்லாந்து நகரிலிருந்து கடற்கரை வரைக்கும் நடந்தே போகிற அணிகள் தனியாக உண்டு. அவர்களும் ராத்திரி நடக்கிறார்கள்.

கடைசி ஆள் சீசைட் என்ற ஊரின் கடற்கரைக்கு வரும்போது மீதி 11 பேரும் முன்னாடியே வந்து காத்திருப்பார்கள். அவரோடு சேர்ந்து எல்லாரும் மணலில் ஓடிக் கோட்டைத் தாண்டுவார்கள். 2015-ல் புயல் காற்று அடித்து அந்தக் கடற்கரைக் கொண்டாட்டத்தையே ரத்து செய்தார்கள். 2020-ல் கொரோனாவால் ஓட்டமே நடக்கவில்லை. 2021-ல் திரும்ப ஓடினார்கள்.

டீ வந்துவிட்டது என்று சைகை காட்டுறாங்க. ஒரு வேலை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பொறுப்பு மாறுகிற குழுக்களில் பழைய ஊக்குநரும் புது ஊக்குநரும் இரண்டு மாதம் சேர்ந்தே வங்கிக்குப் போகணும். பழையவர் நோட்டில் இல்லாத விஷயங்களை ஒரு தாளில் எழுதணும். யாருக்கு எந்தத் தேதியில் தவணை, வங்கியில் எந்தக் கடிதம் பாக்கி, எந்த உறுப்பினரிடம் மழைக்காலத்தில் பொறுத்துப் போகணும் என்பது வரைக்கும். எழுத வராதவங்க சொல்லுங்க, நான் எழுதித் தரேன். இரண்டு நகல். டீ குடித்ததும் அந்த நாலு குழுக்காரங்களும் நோட்டோடு இந்தப் பக்கம் வந்து உட்காருங்க.