தெரியாத மொழியில் ஒரு துப்பறியும் கதை



பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டிக்குச் செல்லும் பாதையில் ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். இடையே கிடக்கும் மணற்பாங்கான நிலத்திலே தென்னையும் வெங்காயப் பாத்திகளும் மீன்வாடிகளும். அந்தப் பாதையிலே முப்பது ஆண்டுகளுக்கு முன் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வீடுகளின் முற்றங்களில் இரும்புக் குழாய்களையும் கமுகுகளையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, அவற்றின் உச்சியிலே தொலைக்காட்சி அன்ரனாக்களை ஏற்றியிருந்தார்கள். அவை தெற்கே கொழும்பை நோக்கவில்லை. வடமேற்கே, கடலுக்கு அப்பால், கொடைக்கானல் மலையை நோக்கி நின்றன. நம் நாட்டின் ரூபவாகினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கிவிட்ட போதிலும், தமிழ்ப் படங்களுக்கும் பாட்டுக்களுக்கும் ஏங்கிய எங்கள் கரையோர மக்களுக்கு அந்த மலைக் கோபுரமே நெருங்கிய உறவாய் இருந்தது.

அக்காலத்தில் நான் அங்குள்ள ஒரு கிராமத்துப் பாடசாலையில் முதல் நியமனம் பெற்ற உதவி ஆசிரியன். கிராமத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. மின்சாரம் வந்து சேராத ஊர். கரைவலைச் சம்மாட்டியார் ஒருவர் வீட்டில் மாத்திரம் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று, மோட்டார் வாகனப் பற்றரியின் உதவியால் இயங்கியது. இரவானதும் முற்றத்து மணலில் பாய் விரித்து நாற்பது ஐம்பது பேர் அமர்ந்துவிடுவார்கள். அவர்களிலே ஒரு பகுதியினர் அகதி முகாமிலிருந்து வருபவர்கள். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டதும், மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியதும் நேயர்கள் அறிந்ததே. கிடுகால் வேய்ந்த அவர்களுடைய கொட்டில்கள் சம்மாட்டியாரின் தென்னந்தோப்பை ஒட்டியே இருந்தன.

1993ஆம் ஆண்டில் தூரதர்ஷன் ஒரு துப்பறியும் தொடரை ஒளிபரப்பியது. பியோம்கேஷ் பக்ஷி என்பது அதன் பெயர். வங்காள எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய் 1932ஆம் ஆண்டு முதல் எழுதிவந்த கதைகளைப் பாசு சட்டர்ஜி என்ற நெறியாளர் படமாக்கியிருந்தார். கதாநாயகனாக நடித்தவர் ரஜித் கபூர். வேட்டியும் மேற்சட்டையும் அணிந்த, குரல் உயர்த்தாத, சாதாரண வீட்டுப் பிள்ளை போன்ற தோற்றம். சுருட்டும் தொப்பியும் துப்பாக்கியும் இல்லாத துப்பறிவாளரை நாங்கள் அதற்குமுன் கண்டதில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்களின் வழியில் துப்பறியும் கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள். தேவன் 1942இல் ஆனந்த விகடனில் உலவவிட்ட சாம்புவோ, அசட்டுத்தனத்தாலும் அதிர்ஷ்டத்தாலும் வென்றவர். என் தந்தையார் பெட்டியில் வைத்திருந்த பழைய தொகுப்புக்களில் சாம்புவைப் படித்துச் சிரித்தவன் நான். இந்த வங்காளியோ சிரிக்க வைக்கவுமில்லை, அச்சுறுத்தவுமில்லை. கேட்டார், பார்த்தார், யோசித்தார். தம்மைத் துப்பறிவாளர் என்று பிறர் அழைப்பதைக்கூட அவர் விரும்பாராம். சத்தியான்வேஷி, அதாவது மெய்யைத் தேடுபவன் என்றே தம்மைச் சொல்லிக்கொள்வாராம். இதெல்லாம் பின்னாளில் நான் அறிந்தது. அந்நாளில் எங்களுக்குத் தெரிந்தது படம் மட்டும்தான். ஏனென்றால் தொடர் முழுவதும் ஹிந்தி மொழியில் நடந்தது.

எங்கள் நடுவே ஹிந்தி தெரிந்தவர் ஒருவர் இருந்தார், அல்லது தெரியும் என்று சொல்லிக்கொண்டவர். சவூதி அரேபியாவில் நான்கு வருடம் சாரதியாக இருந்து, வட இந்தியத் தொழிலாளரோடு பழகியவர். பெட்டியில் ஒருவர் பத்து வசனம் பேசினால் இவர் ஒரு வரியில் முடித்துவிடுவார். இரண்டு பேர் புன்னகை செய்தால் அதற்கு நீண்ட விளக்கம் தருவார். அவர் மொழிபெயர்த்த கதைக்கும் அங்கு நடந்த கதைக்கும் எவ்வளவு தூரம் என்பதை இன்று எண்ணினாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆயினும் அவர் இல்லாத இரவுகளில் சபை களைகட்டாது.

தொடரில் ஒரு கதையை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். மூலத்தில் அதற்குப் பாதையின் முள் என்று பொருள்படும் பெயர். கல்கத்தா நகரத் தெருக்களிலே நடந்துசெல்லும் செல்வந்தர்கள், ஒருவர்பின் ஒருவராகத் திடீரென்று விழுந்து இறக்கிறார்கள். வெடிச் சத்தம் இல்லை. அருகிலே எவரும் இல்லை. அறுத்துப் பார்த்தால் இதயத்திலே கிராமபோன் ஊசி ஒன்று தைத்திருக்கிறது. ஒருவர் மட்டும் சட்டைப் பையில் இருந்த கடிகாரத்தின் மீது ஊசி பட்டதால் பிழைக்கிறார். இவ்வளவும் எங்களுக்குப் படத்திலிருந்தே விளங்கிவிட்டது. எய்தவன் யார், எப்படி எய்தான் என்பது வெளிப்படும் நேரத்திலேதான் சோளகக் காற்று மாறி அடித்தது. படம் முழுவதும் வெண்புள்ளிகளாயிற்று. இளைஞர் இருவர் கமுகைப் பிடித்துத் திருப்பினார்கள். கூரைமேல் ஏறி ஒருவர் கூவினார். திரும்பப் படம் தெளிந்தபோது கதை முடிந்து, பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பின்வந்த ஒரு வாரமும் ஊரிலே வேறு பேச்சில்லை. அதிகாலையில் கரைவலை இழுக்கும்போது கயிற்றின் ஒரு பக்கத்தார் ஒரு கட்சி, மறுபக்கத்தார் மறுகட்சி. பாடசாலைக்கு எதிரே இருந்த தேநீர்க்கடையிலும் அதே வாதம். சம்மாட்டியார், சத்தம் வராத துப்பாக்கி இராணுவத்திடம் உண்டென்றும், ஆகவே கொலையாளி பழைய சிப்பாய் என்றும் சாதித்தார். சவூதிச் சாரதியார் வைத்தியரைச் சந்தேகித்தார். இதயத்தில் ஊசியை வைப்பவன் வைத்தியனாய்த்தான் இருக்க வேண்டுமாம். நானோ, படித்தவன் என்ற மிடுக்கில், கதைகளில் எவனை நாம் சந்தேகிக்க மாட்டோமோ அவனே குற்றவாளி என்று பொதுவிதி ஒன்றைச் சொல்லிவைத்தேன். எவனும் அகப்படாத விதி அது!

அப்போதுதான் முகாமுப் பையன் ஒருவன் பேசினான். பதினைந்து வயது இருக்கும். காலையில் பாடசாலை, மாலையில் பழைய துவிச்சக்கர வண்டியின் பின்னே பெட்டியைக் கட்டி ஐஸ்பழம் விற்பான். "சேர், ஆள் விழுவதற்கு முன்னே ஒவ்வொரு தடவையும் சைக்கிள் மணி கேட்டதே, கவனித்தீர்களா?" என்றான். எவரும் கவனிக்கவில்லை. "ஊசி மணிக்குள்ளேதான் இருக்கிறது. மணியடிக்கிற சத்தத்தில் விசை விடுபடுகிற சத்தம் கேளாது. மணியடித்தால் யாரும் திரும்பிப் பார்த்து ஒதுங்குவார்களே தவிர, பயப்பட மாட்டார்கள்" என்றான். நாள்முழுதும் மணியடித்துத் திரிபவனுக்கல்லவா அது தோன்றும்! கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனினும் அடுத்த நாளே அவன் சொன்னது ஊரெங்கும் பரவி, பலருடைய சொந்தக் கருத்தாகவும் ஆகிவிட்டது.

அந்த வாரமே சம்மாட்டியார் வீட்டுப் பற்றரி காணாமற்போயிற்று.

விடியற்காலையில் பார்த்தபோது கம்பிகள் தொங்கிக்கொண்டிருந்தனவாம். பற்றரி என்பது அந்நாளில் சிறு பொருளன்று. அதன் விலை ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சீவனம். அன்று பகல் அயல்வீட்டுப் பெண்மணி ஒருவர், இரவிலே சைக்கிள் மணி கேட்டதாகச் சொன்னார். மத்தியானம் வாடிக் காவற்காரர் தாமும் கேட்டதாகச் சொன்னார். மாலைக்குள் மூன்றாவது சாட்சியும் வந்தார். இருட்டிலே திருடச் சென்றவன் எதற்காக மணியடிப்பான் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. இரவிலே பலர் என்னிடம் வந்து, "சேர் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்கள். நான் யோசிப்பவன்போல் சிறிது நேரம் இருந்துவிட்டு, "மூன்று பேர் தனித்தனியே ஒன்றையே சொன்னால் அதைத் தள்ளிவிட முடியாது" என்றேன்.

நேயர்களே, அவர்கள் தனித்தனியே சொல்லவில்லை. மூவரும் ஒரே முற்றத்தில் அமர்ந்து ஒரே படத்தைப் பார்த்தவர்கள். ஒரு வாரமாக ஒரே மணியைப் பற்றிப் பேசியவர்கள். காதிலே ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்த மணியை அவர்கள் அன்றிரவு கேட்டார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதை நான் இன்றும் நம்புகிறேன். அதுவே எனக்கு அச்சந்தருவது. கதையிலே உண்மையாக ஒலித்த மணியை ஊரார் கேட்கவில்லை; ஊரிலே ஒலிக்காத மணியை எல்லாரும் கேட்டார்கள். கேட்கச் செய்தது எதுவென்று சொல்வதும் கடினமன்று. ஊரில் மணியடித்துச் செல்பவர் பலர் இருந்தனர். பாண் விற்பவருக்கும் மணி உண்டு, தபாற்காரருக்கும் மணி உண்டு. ஆனால் மணி என்றதும் எல்லாருடைய நினைவும் முகாமுக்கே போயிற்று.

பத்தாம் வகுப்பு மாணவருக்கு அந்தத் தவணையிலேதான் கோவலன் கொலையுண்ட வரலாற்றைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கள்வன் என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் ஆராயாமல் ஆணையிட்ட பாண்டியனைப் பற்றிக் கரும்பலகையிலே குறிப்பும் எழுதியிருந்தேன். அது அன்றிரவு என் நினைவுக்கு வரவேயில்லை.

ஆட்கள் முகாமுக்குச் சென்றார்கள். நானும் பின்னே சென்றேன். கொட்டிலுக்குள் இருந்த பங்கீட்டு அரிசி மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பார்த்தார்கள். பாய்களை உதறினார்கள். பையனின் தந்தையார் சொந்த ஊரிலே கடை வைத்திருந்தவர். அவர் ஒரு சொல்லும் பேசாமல் விளக்கைத் தூக்கிப் பிடித்து, தேடுகிறவர்களுக்கு வெளிச்சம் காட்டினார். பற்றரி கிடைக்கவில்லை. கிடைக்காததும் குற்றத்துக்குச் சான்றாயிற்று, ஒளித்துவிட்டான் என்றார்கள். ஐஸ்பழ வண்டியைப் பிணையாக எடுத்துவந்து சம்மாட்டியார் வீட்டு விறாந்தையில் நிறுத்தினார்கள். பையன் என்னைப் பார்த்தான். "நான் எடுக்கவில்லை, சேர்" என்று ஒரு தடவைதான் சொன்னான்.

மூன்றாம் நாள் மாலை சம்மாட்டியாரின் மருமகன் சிலாபத்துக் கலியாண வீட்டிலிருந்து திரும்பினார். உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து இறக்கிய பொருட்களில் பற்றரியும் இருந்தது. போகும் வழியிலே சார்ஜ் ஏற்றக் கொடுப்பதற்காக விடியுமுன் கழற்றிக்கொண்டு போனாராம். சொல்லிவிட்டுத்தான் போனாராம். யாரிடம்? திண்ணையிலே படுத்திருந்த மூத்தும்மாவிடம். அவருக்குக் காது கேளாது என்பது ஊரறிந்த செய்தி.

வண்டியை அன்றிரவே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அடுத்த நாள் சம்மாட்டியார் ஒரு கூடை மீனும் அனுப்பினார். வாய்திறந்து மன்னிப்புக் கேட்டவர் எவருமில்லை. மீனே மன்னிப்பென்று கருதப்பட்டது. தந்தையார் அதை ஏற்றுக்கொண்டார். திருப்பியனுப்பும் வசதி அகதிக்கு ஏது? நான் ஒரு வாரம் கழித்துப் பையனை வகுப்பறை வாசலிலே நிறுத்தி ஏதோ சொல்ல முயன்றேன். அவன் தலையைக் குனிந்து, "சரி சேர்" என்று சொல்லிப் போய்விட்டான். வண்டியிலிருந்த மணியை அவன் கழற்றிவிட்டிருந்தான். அதன்பின் "ஐஸ்பழம்" என்று வாயினாலே கூவித்தான் விற்றான். தொலைக்காட்சி முற்றத்துக்கு முகாமிலிருந்து வருவோரும் குறைந்தனர்; அவன் வரவேயில்லை. தொடர் மட்டும் தடையின்றி நடந்தது, சாரதியாரின் மொழிபெயர்ப்போடு.

பின்னர் எனக்கு வேறு பாடசாலைக்கு மாற்றம் வந்தது. அந்தக் கதைகள் சிலவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1999ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. சில ஆண்டுகள் கழித்துக் கொழும்புப் புத்தகக் கடையொன்றில் அது என் கண்ணிற் பட்டது. கடையில் நின்றபடியே அந்தக் கதையைத் தேடி எடுத்துப் படித்தேன். ஊசி இருந்தது சைக்கிள் மணிக்குள்ளே. உள்ளே விசை, மணியொலியில் அதன் ஓசை மறைந்துவிடும். தேநீர்க்கடையில் அந்தப் பையன் சொன்னது அப்படியே அச்சாகியிருந்தது. மொழி தெரியாமல், முடிவைப் பாராமல், எங்கள் அத்தனை பேரிலும் அவன் ஒருவனே கண்டுபிடித்தவன்.

அவரை நான் மீண்டும் சந்தித்தது போர் முடிந்து சில வருடங்களின் பின், புத்தளம் நகரில். 'அவர்' என்றுதான் இனிச் சொல்லவேண்டும்; துவிச்சக்கர வண்டி உதிரிப்பாகங்கள் விற்கும் சிறு கடையின் உரிமையாளர், இரண்டு பிள்ளைகளின் தந்தை. ஒரு ரியூப் வாங்கச் சென்ற என்னை அவரே அடையாளங் கண்டு, வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டார். தேநீர் வரவழைத்தார். அவருடைய வாப்பா காலமாகிவிட்டதைச் சொன்னார். நான் அந்தப் பழைய இரவைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் கையை உயர்த்தி, "அதை விடுங்கள், சேர்" என்றார். மேலே தொடர எனக்குத் துணிவில்லை. சிறிது நேரம் இருவரும் பேசாதிருந்தோம். பிறகு, மணியைப் பற்றி அவர் சொன்னதே சரியென்று நூலிலே படித்த செய்தியைச் சொன்னேன்.

"அது எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றார் அவர், வியப்பேதுமில்லாமல். "ஆனால் கடைசியில் என்ன நடந்தது? படம் போய்விட்டதே. அவன் பிடிபட்டானா?"

அவர் கடைப்பையனைக் கூப்பிட்டு வாடிக்கையாளரைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பத்திரிகையிலே வந்த விளம்பரத்தில் தொடங்கி, விளக்குக் கம்பத்தருகே காத்து நின்றது, பியோம்கேஷ் மார்பிலே தட்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு தாமே அந்தத் தெருவில் நடந்தது, கொலையாளி அகப்பட்டது வரைக்கும், ஒன்றையும் விடாமல் சொல்லி முடிக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.