மணலும் பளிங்கும்



மணிமேகலைக் காப்பியத்தில், உதயகுமரனுக்கு அஞ்சிய மணிமேகலை உவவனத்துப் பளிக்கறையினுள் புகுந்துகொள்கிறாள். உள்ளிருப்பவர் உருவம் வெளியே தெரியும், குரல் வெளிவராது. சாத்தனார் அப்பொருளின் இயல்பறிந்து பாடினார். இன்றைய கவிதையிலோ கண்ணாடி உடைவதற்கென்றே பிறந்திருக்கிறது. நொறுங்கிய மனத்திற்கு உவமை என்பதற்கு மேல் அதற்கு வேலையில்லை. கண்ணாடி விளையும் மண்ணுக்கு அருகிலிருந்து எழுதுவோர்க்கு இது போதாது.

சாத்தனார் கருதிய பளிங்கு பெரும்பாலும் படிகக்கல்லாக இருக்கலாம். படிகக்கல்லும் வெண்மணலும் அடிப்படையில் ஒரே பொருள், சிலிக்கா என்பர். படிகத்தில் அணுக்கள் யாப்பு வழுவாத செய்யுள்போல் அணிவகுத்து நிற்கும். கண்ணாடியில் அவ்வொழுங்கு குலைந்து, உருகிய கோலத்திலேயே உறைந்துவிடுகிறது.

குலைப்பது எளிதன்று. மணல் உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடாச் சாம்பல் சேர்ந்தால் அதனினும் குறைந்த வெப்பத்திலேயே இளகும். ஆனால் மணலும் சோடாவும் மட்டும் கூடிய கண்ணாடி நீரில் கரையும்! கரையாமல் காப்பவை சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும். மணலின் பிடிவாதத்தைச் சோடா தணிக்க, சோடாவின் நெகிழ்ச்சியைச் சுண்ணாம்பு கட்டுகிறது. உடைந்த கண்ணாடித் துண்டுகளையும் உலையிலிட்டால் எரிபொருள் மிச்சம். (மணலில் ஒட்டிய சிறிதளவு இரும்பே சன்னல் கண்ணாடியின் விளிம்பில் பச்சை காட்டுகிறது.)

ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. இத்தகைய ஆலையில், உருகிய குழம்பு வெள்ளீயக் குளத்தின்மேல் நீர்மேல் எண்ணெய்போலப் பரவும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகுவது. கண்ணாடி 600 டிகிரியளவில் இறுகி வெளியேறும்போதும் அது நீர்மமாகவே இருக்கும். குளத்தின் சமதளமே கண்ணாடியின் சமதளம். 1950களில் இங்கிலாந்தில் அலஸ்டர் பில்கிங்டன் வகுத்த முறை இது. பின்னர் அது மெல்ல ஆற வேண்டும். விரைந்து ஆறினால் உள்ளிறுக்கத்தைச் சுமந்து, என்றோ ஒருநாள் விரிசல் விடும்.

அவ்விறுக்கத்தையே அளவறிந்து ஏற்றி வலிமையாக்குவதும் உண்டு. செல்பேசி முகப்புக் கண்ணாடி அவ்வகையது. அதனைப் பதப்படுத்தும் ஆலையைப் பிள்ளைப்பாக்கத்தில் அமைக்கப்போவதாகக் கார்னிங், ஆப்டிமஸ் நிறுவனங்களின் கூட்டு நிறுவனம் 2024 சனவரியில் அறிவித்தது. இவ்வகைக் கண்ணாடியை ஏறத்தாழ 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் உப்பில் அமிழ்த்துவர். மேற்பரப்பிலுள்ள சோடிய அயனிகள் வெளியேற, அவற்றினும் பருத்த பொட்டாசிய அயனிகள் அவ்விடங்களில் நெருக்கியடித்து அமரும். ஒருவர் இருக்கையில் இருவர் அமர்ந்த பேருந்தை நினைத்துக்கொள்ளலாம். அந்நெருக்கமே மேற்பரப்பை அழுத்திப் பிடித்து, சிறு கீறல் பிளவாக வளராமல் தடுக்கிறது. நெருக்குண்டதால் உறுதிபெற்ற இக்கண்ணாடியைக் கவிஞர் இன்னும் கையிலெடுக்கவில்லை. அதன்மேல் விரலோட்டித்தான் கவிதை எழுதுகின்றனர்.

ஸ்ரீபெரும்புதூர் வகை உலையை ஒருமுறை மூட்டினால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அணைப்பதில்லை. பொங்கலன்றும் தீபாவளியன்றும் முறைவைத்து ஆட்கள் அதன்முன் நிற்கின்றனர்.